படத்தில் அம்மா எங்கே?

தோட்டத்து ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரியான காட்சிதான். நிரை நிரையாகப் பால்மரங்கள், நடுவே செம்மண் பாதை, தூரத்தில் பனிமூட்டம். ஆட்கள் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் எறும்பளவுதான். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அந்தப் படங்களின் அழகை மறுக்க மாட்டேன். ஆனாலும், பால் வெட்டிய என் அம்மா அதில் எங்கே என்றுதான் கண் தேடும்.

அந்த அமைதி தானாக வருவதில்லை. இருபக்க மரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் வரைந்தால், நம் பார்வை பாதை வழியே ஓடிப் பனிக்குள் மறைந்துவிடும். மரத்திலுள்ள வெட்டுக் காயத்திலோ பால் மங்கிலோ அது நிற்காது. தொடுவானத்தைத் தாழ்த்தி வானத்துக்கு அதிக இடம் விட்டால் மனம் லேசாகும். உயர்த்தி வரைந்தால் மண் கனக்கும்.

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த ‘கதிர் பொறுக்குவோர்’ இந்த இரண்டாவது வகை. இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்கள் படத்தின் முன்னால் பெரிதாக நிற்கிறார்கள். இருவர் முழுதாகக் குனிந்திருக்க, ஒருவர் பாதி நிமிர்ந்திருக்கிறார். தொடுவானம் உயரத்தில் இருப்பதால் மூவரையும் நிலமே அழுத்திப் பிடித்திருப்பதுபோல் தோன்றும். பொன்னிற வெளிச்சமெல்லாம் பின்னாலுள்ள கதிர்ப் போர்களின்மேல். வலப்பக்கத் தூரத்தில் குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளர், சின்னதாக. யார் உழைக்கிறார், விளைச்சல் யாருக்கு, யார் கண்காணிக்கிறார் என்பதை இட அமைப்பே சொல்லிவிடுகிறது. அன்றைய பாரிஸ் மேட்டுக்குடியினர் பலருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை.

நம் தோட்டத்துக்கும் இது பொருந்தும். பால்மரத்தில் வெட்டு மேலிருந்து கீழே இறங்கிவரும். அது இறங்க இறங்க வெட்டுபவரின் முதுகும் வளையும். அந்த வளைவை முன்னால் வைத்து, மர வரிசையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். அதே பனி, அதே விடியல் ஒளிதான். படத்தின் மனநிலை மட்டும் மாறிவிடும்.

பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள். நாளைய பிள்ளைகளுக்குப் படங்கள்தாம் சாட்சி. உங்கள் பிள்ளை தோட்டத்தை வரைய உட்கார்ந்தால், முதலில் பாட்டியிடம் அனுப்புங்கள். எந்த நிரையில் நின்றார், உளியை எப்படிப் பிடித்தார் என்று கேட்கட்டும். மரங்களைப் பிறகு வரைந்துகொள்ளலாம்.