காது குத்தில் இரண்டு புடவை

கல்யாணமாகி 11 வருஷமாகக் குழந்தை இல்லாத என் நாத்தனார், தத்தெடுக்க முறைப்படி பதிவு செய்தாள். 'யார் பெத்ததோ!' என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார் என் மாமியார்.

வீட்டைப் பார்க்க வந்த சமூகப் பணியாளர் பெண், அவரிடமே இரண்டு மணி நேரம் பேசினார். சட்டமெல்லாம் சொல்லவில்லை. 'உங்க மடியிலதாம்மா அது தூங்கணும்' என்றார்.

குழந்தை கிடைத்தது சேலத்தில். 1992ல் தொட்டில் குழந்தை திட்டம் தொடங்கிய ஊராயிற்றே! காப்பகத்து ஆயா, அவள் படுத்திருந்த பழைய துணியையும் கொடுத்து, 'துவைச்சுடாதீங்க, வாசனை போயிடும்' என்றார். முதல் ராத்திரி அழுகை நின்றது அந்தத் துணியால்தான்.

அந்தப் பணியாளர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருஷம் வந்து பார்த்தார்.

காது குத்துக்கு இருவரையும் அழைத்தோம். மணையில் உட்கார வைத்து, மஞ்சள் குங்குமத்தோடு புடவை வைத்துக் கொடுத்தவர் என் மாமியார்தான்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.