தாத்தாவின் பார்க்கர் பேனாவைச் சுடுதண்ணீரில் கழுவலாமா?

பரணை ஒழிக்கும்போதோ, பழைய வீட்டைக் காலி செய்யும்போதோ ஒரு மைப்பேனா கையில் சிக்காத குடும்பம் குறைவு. கிளிப் அம்பு வடிவத்தில் இருந்தால் பார்க்கர். மூடியில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் ஷீஃபர். உடனே இரண்டு காரியம் நடக்கும். ஒருவர் போனை எடுத்து, "இது என்ன விலை போகும்?" என்று தேடுவார். இன்னொருவர், "காய்ஞ்ச இங்க் போகணும்ல" என்று பேனாவைச் சுடுதண்ணீரில் ஊறப்போடுவார். எழுபது வருடம் தாங்கிய பேனா பத்து நிமிடத்தில் கெட்டுப்போவது இப்படித்தான்.

பழைய எழுதுபொருள் சேகரிப்பு பெரிய பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல. ஆயிரக்கணக்கில் செலவழிக்காமலே தொடங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதைவிட, கையில் இருப்பதை என்ன செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

எந்தக் காலத்துப் பேனாவுக்கு மதிப்பு?

நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் தன் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றது 1884-ல். ஜார்ஜ் பார்க்கர் அமெரிக்காவின் ஜேன்ஸ்வில் ஊரில் நிறுவனம் தொடங்கியது 1888-ல். பக்கவாட்டில் உள்ள நெம்புகோலைத் தூக்கினால் மை ஏறும் முறைக்கு வால்டர் ஷீஃபர் 1908-ல் காப்புரிமை வாங்கினார். 1921-ல் வந்த பார்க்கர் டியூஃபோல்டும், 1941-ல் கடைக்கு வந்த பார்க்கர் 51-ம் இன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் பெயர்கள்.

1945 அக்டோபரில் நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் பால்பாயிண்ட் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு மைப்பேனாவின் இடம் மெல்ல மெல்லச் சுருங்கியது. அதனால்தான் 1920 முதல் 1950-கள் வரையிலான பேனாக்களைச் சேகரிப்பாளர்கள் தனியாகப் பார்க்கிறார்கள்.

நம் பக்கமும் கதை இருக்கிறது. சுதேசிப் பேனா வேண்டும் என்ற எண்ணத்தில் ராஜமுந்திரியில் உருவானது ரத்னம் பேனா. அதை வாங்கி எழுதிப் பார்த்த காந்தி 1935-ல் பாராட்டிக் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா நிறுவனம் இன்றும் எபோனைட் பேனாக்களைக் கையால் கடைந்து செய்கிறது. 'வெளிநாட்டுப் பேனா என்றால்தான் மதிப்பு' என்று நினைத்து, பழைய இந்தியப் பேனாக்களைக் குப்பையில் போட வேண்டாம்.

சரி, சுடுதண்ணீரில் என்ன ஆகும்?

அது பேனாவின் உடல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. பழைய பேனாக்களில் மூன்று பொருட்களை அடிக்கடி பார்க்கலாம்.

எபோனைட்: கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் லேசாகக் கந்தக வாடை வரும். வெயிலும் சுடுதண்ணீரும் இதற்கு எதிரி. பளபளப்பான கறுப்பு, ஊறி எழுந்ததும் பாசி படிந்ததுபோலப் பழுப்புப் பச்சையாகிவிடும். பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய தலைவலி.

செல்லுலாய்டு: கண்ணைப் பறிக்கும் வண்ணக் கோடுகளும் முத்து மினுமினுப்பும் பெரும்பாலும் இதில்தான். தேய்த்தால் கற்பூர வாடை வரும். காரணம், அதில் உண்மையிலேயே கற்பூரம் இருக்கிறது. இது வேகமாகத் தீப்பிடிக்கும். "ஊசியைக் காய்ச்சி வைத்துப் பார்த்தால் அசலா என்று தெரிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் செய்துவிடாதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்பிரிட் பக்கத்திலேயே போகக் கூடாது, மேல்பரப்பு இளகிவிடும்.

அக்ரிலிக்: பார்க்கர் 51-ன் உடல் இதுதான். அந்தப் பேனாவோடு சேர்த்து பார்க்கர் கொண்டுவந்த சீக்கிரம் காயும் மை, செல்லுலாய்டை அரித்துவிடும் அளவுக்குக் காரமானது. அதனால்தான் உடலையே வேறு பொருளில் செய்தார்கள். மூன்றில் உறுதியானது இது என்றாலும், ஸ்பிரிட் பட்டால் இதிலும் மயிரிழை விரிசல் விடலாம்.

ஆக, எந்தப் பேனாவானாலும் பாதுகாப்பான வழி ஒன்றுதான். அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர், அதுவும் நிப் நனையும் அளவுக்கு மட்டும். உடலுக்கு லேசாக ஈரமான பருத்தித் துணி போதும்.

நெம்புகோலைத் தூக்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். பழைய பேனாக்கள் பலவற்றுக்குள் மை தேக்கும் பை ஒன்று இருக்கும். ரப்பரால் ஆன பை என்றால் காலப்போக்கில் கல்லாக இறுகியிருக்கும், அல்லது பிசினாக உருகியிருக்கும். அந்த நிலையில் நெம்புகோலை இழுத்தால் உள்ளே வளைய இடமில்லாமல், அது பேனாவின் உடலையே பெயர்த்துக்கொண்டு வரும். பை மாற்றுவது சின்ன வேலை. உடைந்த உடலை ஒட்டுவது அப்படியல்ல.

மூடியிலும் கவனம் தேவை. சில மூடிகள் திருகுபவை. பார்க்கர் 51-ன் மூடி நேராக இழுத்தால் வருவது. தெரியாமல் முறுக்கினால் வேறு பாகம் கழன்று வரும். நல்ல செய்தியும் உண்டு: 1948-க்குப் பிந்தைய பார்க்கர் 51-களில் ரப்பருக்குப் பதில் பிளாஸ்டிக் பை வந்தது. அவற்றில் பல இன்றைக்கும் கழுவினால் எழுதுகின்றன.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, காரைக்குடியின் பழம்பொருள் கடைகள், ஆன்லைன் ஏலம் என எங்கே வாங்கினாலும் கேள்விகள் ஒன்றுதான்.

முதலில் நிப்பின் நுனி. அங்கே கடினமான உலோகத்தில் சின்னக் குமிழ் இருக்க வேண்டும். அது தேய்ந்துபோன நிப் தாளைக் கீறும். அடுத்து, மூடியின் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்றாவது, உடலில் பொறித்த எழுத்து. 1940-களின் பார்க்கர் பேனாக்களில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அது ஆண்டின் கடைசி இலக்கம். கூடவே உள்ள புள்ளிகள் எந்தக் காலாண்டு என்று சொல்லும். அதிகமாகப் பாலிஷ் போட்டால் முதலில் அழிவது இந்த எழுத்துதான். பேனாவின் பிறப்புச் சான்றிதழே போய்விடுகிறது.

நான்காவது, எல்லாப் பாகமும் ஒரே பேனாவுடையதா? ஒன்றின் மூடி, இன்னொன்றின் உடல், மூன்றாவதன் நிப் என்று ஒப்பேற்றிய பேனாக்கள் சந்தையில் தாராளம். எழுத அவை போதும். சேகரிப்புக்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

'பழசு என்றாலே விலை அதிகம்' என்பதும் உண்மையல்ல. பார்க்கர் 51 லட்சக்கணக்கில் தயாரான பேனா. அரிதான நிறம், கெடாத நிலை, அசல் பெட்டி இவைதான் விலையை ஏற்றுகின்றன.

"நிப் தங்கமாமே, உருக்கிடலாமா?"

பல நல்ல பேனாக்களின் நிப் 14 காரட் தங்கம். அதாவது நூற்றில் 58 பங்குதான் தங்கம். மொத்த நிப்பின் எடையே பொதுவாக ஒரு கிராமுக்கும் குறைவு. உருக்கினால் கிடைப்பது சொற்பம்; நிப் இல்லாத பேனாவோ வெறும் குழாய். தங்க விலை ஏறும்போதெல்லாம் நல்ல பேனாக்கள் இப்படிக் காணாமல் போகின்றன.

மேசைப் பொருட்களில் சட்டச் சிக்கலா?

மைக்கூடு, கண்ணாடி பேப்பர்வெயிட், மையொற்றும் உருளைக்கட்டை, கடிதம் பிரிக்கும் கத்தி இவையும் சேகரிப்பில் சேரும். பித்தளை மைக்கூடு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். குத்துவிளக்குக்கு அது சரி. மைக்கூட்டில் பல வருடமாகப் படிந்த கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் சாட்சி போய்விடும்.

அந்தக் கத்தியோ பேனாவின் கைப்பிடியோ யானைத் தந்தம் என்று விற்பவர் சொன்னால், அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தப் பொருளை வாங்குவதும் விற்பதும் குற்றம். "ரொம்பப் பழசு சார்" என்ற சமாதானம் செல்லாது.

எழுத்தாணி, பனையோலைச் சுவடி கிடைத்தால் இன்னொரு சட்டம் வருகிறது. வரலாற்று அல்லது கலை மதிப்புள்ள பொருள் 100 வருடம் கடந்திருந்தால், சுவடி என்றால் 75 வருடம் கடந்திருந்தால், 1972-ன் தொல்பொருள் சட்டத்தின்படி அது தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்குப் பார்சல் அனுப்புவது தனிநபருக்குத் தடைசெய்யப்பட்ட ஏற்றுமதி.

கதைக்கு விலை உண்டா?

1945 செப்டம்பர் 2-ல் ஜப்பானின் சரணடைவு ஆவணத்தில் ஜெனரல் மெக்கார்தர் பல பேனாக்களால் கையெழுத்திட்டார். சிங்கப்பூரை ஜப்பானியரிடம் இழந்த பெர்சிவலுக்கு அதில் ஒன்றைக் கொடுத்தார். புகைப்படமும் பதிவும் இருப்பதால் அந்தக் கதை நிற்கிறது. "ஒரு கலெக்டர் வச்சிருந்த பேனா" என்று வியாபாரி வாயால் சொல்வதற்குச் சந்தையில் மதிப்பு இல்லை.

பேனாவில் பொறித்த முன்பின் தெரியாதவரின் பெயர் பொதுவாக விலையைக் குறைக்கும். அதே பெயர் உங்கள் தாத்தாவுடையது என்றால் கணக்கு வேறு. அதை அழிக்கக் கொடுக்காதீர்கள். அவர் எங்கே வேலை பார்த்தார், பேனா எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள். அந்தப் பேனாவால் அவர் எழுதிய கடிதம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது என்ன செய்யலாம்?

முதலில் போட்டோ எடுங்கள். பிறகு மேலே சொன்னபடி நிப்பை மட்டும் தண்ணீரில் வைத்து, நிறம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றுங்கள். அவசரம் வேண்டாம், இரண்டு நாள் ஆகட்டும். மை ஏறவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். எழுத ஆரம்பித்தால் மைப்பேனாவுக்கான மை மட்டும் ஊற்றுங்கள். ஓவியத்துக்கான இந்தியன் இங்க் உள்ளே காய்ந்து அடைத்துவிடும். எழுதாமல் வைப்பதானால் மையைக் காலி செய்து, வெயில் படாத, காற்றுப் புழங்கும் இடத்தில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டாம்.

விலையைத் தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.