வட்ட மேஜையும் பச்சைக் கச்சையும்

"வட்ட மேஜை" என்ற சொற்றொடர் நமக்குப் புதியதல்ல. 1930 முதல் 1932 வரையில் லண்டன் மாநகரில் மூன்று தடவை கூடிய வட்ட மேஜை மகாநாட்டைப் பற்றி, நம் தேச சரித்திரம் படித்தவர்கள் யாவரும் அறிவார்கள். 1931-ம் வருஷத்தில் கூடிய இரண்டாவது மகாநாட்டுக்குக் காந்தியடிகளே நேரில் போய்விட்டு, வெறுங்கையுடன் திரும்பி வந்தார். அந்த மகாநாட்டுக்குப் பெயர் கொடுத்த மேஜை எது என்று விசாரித்துக்கொண்டே போனால், கடைசியில் ஆர்தர் மன்னனின் கேமலாட் பட்டணத்து வாசலில் போய் நிற்போம்.

பட்டணமும் கற்பனை, மேஜையும் கற்பனை, அந்த மன்னனும் முக்காலே மூன்று வீசம் கற்பனைதான். ஆனாலும், எண்ணூறு வருஷங்களுக்கு மேலாக மனிதர்கள் அந்த மேஜையைச் சுற்றிக் கதை சொல்லி ஓயவில்லை. இரும்புக் கவசமும் ஈட்டியும் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவற்றை அணிந்திருந்தவர்களின் கதை மட்டும் ஏன் துருப்பிடிக்கவில்லை?

சரித்திரமும் சரடும்

ஆர்தரின் கதையை முதன் முதலில் விரிவாக எழுதிவைத்தவர் ஜெப்ரி ஆப் மான்மத் என்ற பாதிரியார். சுமார் 1136-ம் வருஷத்தில், பிரிட்டிஷ் அரசர்களின் சரித்திரம் என்று லத்தீன் பாஷையில் ஒரு நூலை அவர் இயற்றினார். பெயர்தான் சரித்திரம், உள்ளே சரித்திரம் கொஞ்சம், சரடு அதிகம். ஆயினும் ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. அச்சு யந்திரம் இல்லாத காலத்தில் கையால் எழுதப்பட்ட அந்நூலின் பிரதிகள் 200-க்கு மேல் இன்னும் எஞ்சியிருக்கின்றன என்றால் அதன் செல்வாக்கை ஊகித்துக் கொள்ளலாம்.

1155-ல் வேஸ் என்ற கவி அந்தக் கதையைப் பிரெஞ்சில் பாடினார். வட்ட மேஜையை முதலில் போட்டவர் இவர்தாம். ஆர்தரின் பிரபுக்கள் ஒவ்வொருவரும் தாமே உயர்ந்தவர் என்று எண்ணியபடியால், தலைமாடு கால்மாடு இல்லாத மேஜை ஒன்று செய்ய வேண்டியதாயிற்றாம். பந்தியில் முதல் இலை யாருக்கு என்ற சச்சரவு நம் கல்யாண வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல என்று இதிலிருந்து தெரிகிறது!

பிறகு சாட்சியங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கிளாஸ்டன்பரி மடாலயம் 1184-ல் தீக்கிரையாயிற்று. அதைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்ட சமயத்தில், 1191-ல், அங்கிருந்த துறவிகள் ஆர்தரின் சமாதியையே தோண்டி எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். வின்செஸ்டர் கோட்டை மண்டபத்தின் சுவரில் 18 அடி குறுக்களவுள்ள ஓக் மர வட்டப் பலகை ஒன்று தொங்குகிறது. அதுவே ஆர்தரின் மேஜை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். எட்டாவது ஹென்றி அதில் ஆர்தரின் உருவத்தையும் வீரர்களின் பெயர்களையும் வர்ணத்தில் தீட்டச் செய்தார். 1976-ல் நிபுணர்கள் அந்த மரத்தை ஆராய்ந்து, 13-ம் நூற்றாண்டின் கடைசியில் செய்யப்பட்டது என்று முடிவு கட்டினார்கள். ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு அது எழுநூறு வருஷம் பிந்தியது.

இப்படிச் சாட்சியெல்லாம் பொய்த்துப் போன பின்னும் வழக்குத் தள்ளுபடியாகவில்லை. ஆகவே, கதையின் உயிர் சரித்திர உண்மையில் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது.

குதிரை மேல் இருந்தவர்கள்

"நைட்" என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் வீரர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்? அவர்களுடைய தர்மத்துக்கு "ஷிவல்ரி" என்று பெயர். குதிரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. கவசம் பூண்டு, பெரிய குதிரையின் மேல் ஈட்டியுடன் வருகிறவனை, கலப்பை பிடித்த குடியானவன் என்ன செய்ய முடியும்? கேட்பார் இல்லாத இடத்தில் குதிரைக்காரன் வைத்ததே சட்டமாயிருந்தது.

989-ம் வருஷத்தில் பிரான்ஸில் ஷாரூ என்ற ஊரில் கூடிய பாதிரிமார்களின் சபை, கோயிலைக் கொள்ளையடிப்பவர்களுக்கும், ஏழைகளின் கால்நடைகளைக் கவர்ந்து செல்பவர்களுக்கும், ஆயுதம் இல்லாத குருமாரைத் தாக்குபவர்களுக்கும் சாபம் இட்டது. எதைச் செய்யாதே என்று சபை கூடிச் சாபமிட வேண்டியிருந்ததோ, அது நித்தியம் நடந்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்?

பலசாலியை அடக்க வெளியிலே பலம் இல்லாதபோது, அவன் தன்னைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டுக்குத்தான் பிரதிக்ஞை என்று பெயர். நைட்டுகளின் கதைகள் எல்லாவற்றுக்கும் மையமானது இந்தப் பிரதிக்ஞையே.

கைதி எழுதிய காவியம்

ஆர்தர் கதைகளையெல்லாம் ஆங்கில வசனத்தில் திரட்டித் தந்தவர் ஸர் தாமஸ் மாலரி. அவர் சொல்லும் ஒரு சம்பவம் கவனிக்கத் தக்கது. ஆர்தரின் கல்யாண விருந்தில் வெள்ளை மான் ஒன்று மண்டபத்துக்குள் பாய்ந்து ஓடுகிறது. அதைத் தொடர்ந்து போன ஸர் கவேய்ன், வழியில் ஒரு வீரனுடன் சண்டையிட்டு அவனை வீழ்த்துகிறான். விழுந்தவன் உயிர்ப் பிச்சை கேட்கிறான். கவேய்ன் இரங்கவில்லை, கத்தியை ஓங்குகிறான். அந்தக் கணத்தில் வீரனின் காதலி ஓடி வந்து அவன்மீது விழ, கத்தி அவள் கழுத்தைத் துண்டித்துவிடுகிறது. அவளுடைய தலையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கவேய்ன் அரண்மனைக்குத் திரும்ப வேண்டியதாகிறது. ராணியும் மற்றப் பெண்மணிகளும் அவன்மேல் தீர்ப்புக் கூறுகிறார்கள்.

இது நடந்த பிறகுதான் ஆர்தர் தன் வீரர்களிடம் பிரதிக்ஞை வாங்குகிறான். கொலையும் அக்கிரமமும் செய்யலாகாது. துரோகத்தை விலக்க வேண்டும். இரக்கம் கேட்டவனுக்கு இரக்கம் காட்ட வேண்டும். பெண்களுக்குத் துணை நிற்க வேண்டும். அநியாயமான வழக்கில், பொருளுக்காகவோ பிரியத்துக்காகவோ, கத்தி எடுக்கக் கூடாது. வருஷந்தோறும் பெந்தெகொஸ்தே பண்டிகையன்று வட்ட மேஜை வீரர்கள் எல்லோரும் இதைப் புதுப்பிக்க வேண்டும். மாலரிக்கு ஆதாரமாயிருந்த பிரெஞ்சு நூலில் இந்தப் பிரதிக்ஞை கிடையாது. அவரே சேர்த்தது.

யார் இந்த மாலரி? வார்விக்ஷயர் பிரதேசத்தில் நியூபோல்ட் ரெவல் என்ற ஊர்ப் பிரபு என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளின் ஜாபிதா நீளமானது: மாடு திருடியது, மடாலயத்தைக் கொள்ளையடித்தது, மிரட்டிப் பணம் பறித்தது, பெண்ணைப் பலாத்காரம் செய்தது. விசாரணை நடந்து தீர்ப்பு ஆகவில்லை. ஆனால் வருஷக் கணக்கில் சிறையில் இருந்தார். புத்தகத்தின் முடிவில், தமக்கு விடுதலை கிடைக்கப் பிரார்த்தனை செய்யும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறார். 1934-ல் வின்செஸ்டர் கல்லூரியில் வால்டர் ஓக்ஷாட் என்ற உபாத்தியாயர் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். நூலாசிரியர் ஒரு கைதி என்பது அதில் இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

குற்றச்சாட்டுகள் உண்மையானால், தாம் எவற்றையெல்லாம் மீறினாரோ அவற்றையே வரிசைப்படுத்தி மாலரி பிரதிக்ஞையாக எழுதியிருக்கிறார். பொய்யானால், தம்மைச் சிறையில் தள்ளியவர்கள் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எப்படிப் பார்த்தாலும், நேர்மையின் அருமை தெரிந்த இடத்திலிருந்து எழுதப்பட்ட நூல் அது. 1469-க்கும் 1470-க்கும் இடையில் எழுதி முடிக்கப்பட்டது. 1485 ஜூலை மாதத்தில் காக்ஸ்டன் அதை அச்சிட்டு வெளியிட்டார்.

ஒரு சிறு பொய்

இதே கவேய்னைப் பற்றி 14-ம் நூற்றாண்டின் கடைசியில் பெயர் தெரியாத கவி ஒருவர் பாடிய காவியம் இருக்கிறது. அதற்கு உலகில் ஒரே ஒரு பழம் பிரதிதான். அது இருந்த புத்தகசாலை 1731-ல் தீப்பிடித்து எரிந்தது. எப்படியோ இது தப்பியது.

வருஷப் பிறப்பு விருந்தின் போது, உடலும் உடையும் குதிரையும் பச்சையான ஒரு ராட்சத வீரன் கேமலாட் மண்டபத்தினுள் நுழைகிறான். "கோடரியால் என்னை ஒரு வெட்டு வெட்டலாம். ஒரு வருஷமும் ஒரு நாளும் சென்றபின் நான் திருப்பி வெட்டுவேன். யார் தயார்?" என்கிறான். கவேய்ன் எழுந்து ஒரே வெட்டில் தலையை உருட்டிவிடுகிறான். பச்சை வீரனோ உருண்ட தலையைக் கையில் எடுத்துக்கொண்டு, தவணையை ஞாபகப்படுத்திவிட்டுக் குதிரை ஏறிப் போகிறான்!

அடுத்த மாரிக் காலத்தில் கவேய்ன் சொன்ன சொல் தவறாமல் புறப்படுகிறான். வழியில் ஒரு கோட்டையில் விருந்தாளியாகத் தங்குகிறான். கோட்டைத் தலைவன் ஓர் ஒப்பந்தம் செய்கிறான்: "பகலில் நான் வேட்டையாடிக் கொண்டு வருவதை உமக்குத் தருகிறேன். வீட்டில் உமக்குக் கிடைப்பதை நீர் எனக்குத் தர வேண்டும்." மூன்று நாளும் தலைவனின் மனைவி கவேய்னைச் சோதிக்கிறாள். அவன் மரியாதை குன்றாமல் விலகிக்கொள்கிறான். அவள் கொடுத்த முத்தங்களை மட்டும், ஒப்பந்தப்படி, மாலையில் தலைவனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மூன்றாம் நாள் அவள் ஒரு பச்சைக் கச்சையைத் தருகிறாள். அதை அணிந்தவனை யாராலும் கொல்ல முடியாது என்கிறாள். மறு நாள் கோடரிக்குக் கழுத்தை நீட்டப் போகிறவன் அவன். கச்சையை வாங்கிக்கொள்கிறான், அன்று மாலை அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

பச்சை வீரன் மூன்று முறை கோடரியை ஓங்குகிறான். முதல் முறை கவேய்னின் தோள் சற்றே குறுகுகிறது. இரண்டாம் முறை அசையவில்லை. மூன்றாம் முறை கோடரி கழுத்தில் ஒரு கீறல் மட்டும் போடுகிறது. பிறகு பச்சை வீரன் தன்னை வெளிப்படுத்திக் கொள்கிறான். கோட்டைத் தலைவன்தான் அவன். கீறல், மறைத்து வைத்த கச்சைக்காக. "உயிர்மேல் ஆசை வைத்தாய், அது பெரிய குற்றமல்ல" என்று சிரிக்கிறான்.

கவேய்னால் சிரிக்க முடியவில்லை. வெட்கத்தினால் முகம் சிவக்க, குற்றத்தின் அடையாளமாக அந்தக் கச்சையைக் குறுக்கே அணிந்துகொண்டு ஊர் திரும்புகிறான். சபையோர் கதையைக் கேட்டுச் சிரித்து, இனி நாம் எல்லோரும் பச்சைக் கச்சை அணிவோம் என்று தீர்மானிக்கிறார்கள்.

இந்தக் கதையை என் வகுப்பில் சொல்வதுண்டு. ஒரு தடவை ஒரு பையன் எழுந்து, "ஸார், கச்சையைச் சொல்லாமல் விட்டதால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லுமுன், "அவனுக்குத்தான் நஷ்டம்" என்றான் பின் பெஞ்சிக்காரன் ஒருவன். அதற்குமேல் விளக்கவுரை அவசியப்படவில்லை.

கவசத்தைப் பளபளப்பாக்கியவர்கள்

இந்தக் கதைகளைப் பரிகசித்தவர்களும் உண்டு. 1605-லும் 1615-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்த டான் க்விக்ஸோட்டில், காற்றாலைகளை ராட்சதர்கள் என்று எண்ணி ஈட்டியுடன் பாய்ந்த கிழ வீரனைப் படைத்தார் ஸ்பெயின் தேசத்து ஸெர்வாண்டிஸ். ஆனால், படித்து முடிக்கும்போது அந்தக் கிழவன்மேல் நமக்கு அன்பு உண்டாகிவிடுகிறது. பரிகாசத்தினால் நைட்டின் கதை சாகவில்லை.

அதற்கு உண்மையில் தீங்கு செய்தவர்கள் அதைப் பளபளப்பாக்கியவர்கள்தாம். 1839-ல் ஸ்காட்லாந்தில் எக்லிண்டன் பிரபு பழங்காலத்து முறைப்படி ஈட்டிப் போட்டி ஒன்று நடத்தினார். ஜனங்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். மழை கொட்டித் தீர்த்தது. கவசம் பூண்ட வீரர்கள் சேற்றில் குடை பிடித்துக்கொண்டு நின்ற காட்சியைப் பத்திரிகைக்காரர்கள் லேசில் விடவில்லை. அது வேடிக்கையோடு போயிற்று.

1915-ல் வந்தது வேடிக்கையல்ல. செயின்ட் ஜார்ஜ் குதிரைமேல் இருந்து பறவை நாகத்தைக் கொல்லும் படத்தை அச்சிட்டு, இளைஞர்களைப் பட்டாளத்துக்கு அழைத்தது பிரிட்டிஷ் சர்க்கார். அடுத்த வருஷம் ஜூலை முதல் தேதி, ஸோம் நதிப் போரின் முதல் நாளில் மட்டும், பிரிட்டிஷ் சைனியத்தில் 19,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். யந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் ஈட்டியும் இல்லை, குதிரையும் இல்லை, இரக்கம் கேட்பதற்கு அவகாசமும் இல்லை.

படத்தில் குதிரையும் கவசமும் இருந்தன. பச்சைக் கச்சை இல்லை. மாலரி வீரர்களின் குற்றங்களை மறைக்கவில்லை. அவர் காவியத்தின் முடிவில், ஆர்தரும் மார்ட்ரெட்டும் சமாதானம் பேசும் சமயத்தில், புதரிலிருந்து வந்த பாம்பு ஒரு வீரனின் காலைக் கடிக்கிறது. அவன் பாம்பைக் கொல்லக் கத்தியை உருவுகிறான். கத்தி பளிச்சிட்டதைக் கண்டு இரு சைனியங்களும் மோதிக்கொள்கின்றன. வட்ட மேஜை அன்றோடு அழிகிறது. அநியாய வழக்கில் கத்தி எடுக்காதே என்ற பிரதிக்ஞைக்கு இதைவிட உருக்கமான வியாக்கியானம் எது?

அந்தப் பிரதிக்ஞையிலும் குறை உண்டு. அதில் சீமாட்டிகள் இருக்கிறார்கள். ஏர் உழுகிறவனும் அவன் மனைவியும் இல்லை. பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 1958-ல் டி. எச். ஒயிட் ஆர்தர் கதையை முழு நாவலாக வெளியிட்டார். பலம் உடையவனிடம் நியாயம் இருக்கிறது என்ற வழக்கத்தை மாற்றி, நியாயத்துக்குப் பலம் துணை நிற்க வேண்டும் என்று யோசிக்கும் ஆர்தரை அதில் காணலாம். அவரும் சில காலம் உபாத்தியாயராய் இருந்தவர்தான். அந்நாவலின் கடைசியில், போருக்கு முந்திய இரவில், ஆர்தர் ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, நீ சண்டைக்குப் போகாதே, உயிரோடிருந்து இந்தக் கதையைச் சொல் என்று அனுப்பிவைக்கிறான். சிறுவனின் பெயர் டாம்; ஊர் நியூபோல்ட் ரெவல். அதாவது, வருங்கால மாலரி!

2021-ல் பச்சை வீரன் கதை ஸினிமாப் படமாக வந்தபோது, கவேய்னாக நடித்தவர் குஜராத்தி வம்சத்தில் வந்த தேவ் படேல். கேமலாட் பிரபுக்கள் கனவிலும் எதிர்பார்த்திராத கவேய்ன்! ஆயினும் அந்தப் பாத்திரம் அவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. உயிருக்குப் பயப்படுவதும், கொடுத்த வார்த்தைக்காக வெட்கப்படுவதும் எந்த ஒரு ஜாதியாருக்கும் தனிச் சொத்தல்லவே.

ஆகையால், வீட்டில் குழந்தைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லுகிற தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாள் சண்டையை வேண்டுமானால் சுருக்கிச் சொல்லுங்கள். கவேய்ன் முகம் சிவந்து நின்ற இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் மறுபடியும் மறுபடியும் கேட்பது அந்த இடத்தைத்தான்.