வன்தட்டுக்குள் ஒரு கணிப்பொறி

மாணவர்களே! ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய உலோகப் பெட்டி. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடுகள். பல வன்தட்டுகளில் இவை நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் படிக்கும் முனை தொட்டும் தொடாமலும் மிதந்து செல்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்களே!

இந்த நுட்பமான வேலையை மேற்பார்வையிடுவது யார்? கணிப்பொறிதான் என்பீர்கள். இல்லை. பெட்டியின் அடிப்புறம் ஒரு சுற்றுப்பலகை இருக்கிறது பாருங்கள். அதில் ஒரு சிறு கணிப்பொறியே அடங்கியிருக்கிறது. அதை இயக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். இதன் ஒரு பகுதி பலகையிலுள்ள சில்லிலும், மற்றொரு பகுதி தகட்டிலேயே நம் கண்ணுக்குக் காட்டப்படாத ஒதுக்கிடத்திலும் எழுதப்பட்டிருக்கும்.

நிரல் என்றால் அதை எழுதியவர் மனிதர், பிழையும் நேரும். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வகை வன்தட்டுகள் சில, திடீரென்று ஊமையாகிவிட்டன. நேற்று மாலை நன்றாக வேலை செய்த கணிப்பொறியை இன்று காலை இயக்கினால், 'வன்தட்டே இல்லை' என்கிறது! தகட்டில் எழுதிய படங்களும் கணக்குகளும் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

காரணம் வேடிக்கையானது. வன்தட்டு தன் நிகழ்ச்சிகளை ஒரு குறிப்பேட்டில் வரிசையாகப் பதிந்துகொள்ளும். அந்த வரிசை எண் 320 போன்ற சில குறிப்பிட்ட எண்களில் நிற்கும்போது மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால், ஃபர்ம்வேர் தடுமாறி நின்றுவிடும். தொழிற்சாலைச் சோதனைப் பொறி ஒதுக்கிடத்தில் விட்டுச்சென்ற ஒருவகைப் பதிவும் கூடவே இருக்கவேண்டும். ஆகவேதான் எல்லா வன்தட்டுகளும் விழவில்லை. சில மட்டும் விழுந்தன.

2009 ஜனவரியில் நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. அவசரம் ஆபத்து! அதைப் போட்டதும் 500 ஜிகாபைட் வன்தட்டுகள் சில இயங்க மறுத்தன. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சில நாட்களில் வேறு பதிப்பைத் தந்தார்கள்.

சரி, புதிய ஃபர்ம்வேரை எப்படி ஏற்றுவது? விண்டோஸ் போன்ற இயக்க அமைப்பு அந்த வன்தட்டிலிருந்துதான் ஓடுகிறது. ஓயாமல் 'இதைப் படி, அதை எழுது' என்று ஏவிக்கொண்டே இருக்கும். ஃபர்ம்வேரை மாற்றும் வேளையிலோ வன்தட்டு சில நொடிகள் பதில் சொல்லாது. நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதையாகிவிடும். (இன்று சில வன்தட்டுகளுக்கு விண்டோஸிலிருந்தே மாற்றும் வசதி உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை.) ஆகவே கணிப்பொறியை வேறிடத்திலிருந்து எழுப்புகிறோம். 2009-இல் அதற்குக் குறுந்தட்டு பயன்பட்டது; இப்போது பென் டிரைவ்.

கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்தால் மட்டும் போதாது. பழைய முறைப்படி, கணிப்பொறி முதலில் அதன் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருந்தால்தான் 'இதிலிருந்து தொடங்கலாம்' என்று ஏற்கும். இவ்விரு எண்களையும் இரும எண்களாக எழுதிப் பாருங்கள், 01010101, 10101010 என்று அழகாக வரும்! ரூஃபஸ் போன்ற மென்பொருள் இந்த ஏற்பாட்டைச் செய்து, 1994-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீடாஸ் என்னும் சிறு இயக்க அமைப்பையும் பென் டிரைவில் வைத்துவிடும். டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்யும். வன்தட்டை வீணாகத் தொந்தரவு செய்யாது. இங்கே அதுவே நமக்கு வேண்டிய குணம். புதிய கணிப்பொறிகள் சில இப் பழைய முறையில் எழா. அவற்றுக்கு நிறுவனம் தரும் வேறு வகைத் தொகுப்பைத் தேடவேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் வன்தட்டின் மேலுள்ள சீட்டைப் படியுங்கள். மாதிரி எண்ணும் ஃபர்ம்வேர் எண்ணும் அதில் அச்சிட்டிருக்கும். இரண்டும் நிறுவனத்தின் குறிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். வேறு மாதிரிக்குரிய ஃபர்ம்வேரை ஏற்றினால் வன்தட்டு செத்துவிடலாம். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு வன்தட்டுகளும் இணைத்திருந்தால் அவற்றின் கம்பிகளைக் கழற்றிவிடுவது நல்லது. மின்வெட்டு வரும் நேரத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பழைய நிரல் அழிந்து புதியது பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால், வன்தட்டு தன்னைத்தானே எழுப்பிக்கொள்ள வழியிராது.

பிறகு பயாஸில் தொடக்க வரிசையைப் பென் டிரைவுக்கு மாற்றிக் கணிப்பொறியை இயக்குங்கள். நிரல் வன்தட்டை அடையாளம் கண்டு, புதிய ஃபர்ம்வேரை அனுப்பும். பெரும்பாலும் ஓரிரு நிமிட வேலைதான். முடிந்ததும் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். இப்போது சீட்டில் பழைய எண்ணே இருக்கும். ஆனால் ஃபர்ம்வேர் எண்ணைக் கேட்டால் வன்தட்டு புதியதைச் சொல்லும்.