விலையைச் சரியாகச் சொன்ன மனிதர்!

"23,743 டாலர்!"

அந்த மனிதர் இப்படிச் சொன்னார். அவர் கையில் காகிதம் இல்லை, பென்சிலும் இல்லை. எதிரே பரிசுப் பொருள்கள் இருந்தன. பாட்டுப் பாடும் கருவி ஒன்று. பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி ஒன்று.

மூன்றும் சேர்ந்து என்ன விலை? இதுதான் கேள்வி.

சரியான விலையை அறிவித்தார்கள். என்ன தெரியுமா?

23,743 டாலர்! ஒரு டாலர் கூடவும் இல்லை. ஒரு டாலர் குறையவும் இல்லை.

இது நடந்தது 2008-ம் ஆண்டில். இடம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். டெலிவிஷன் நிகழ்ச்சியின் பெயர் "தி பிரைஸ் இஸ் ரைட்". "விலை சரிதான்" என்பது அதன் பொருள்.

ஆனால் நிகழ்ச்சியை நடத்திய டுரூ கேரியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை! விலையை அறிவிப்பதற்கு முன்பு படப்பிடிப்பையே நிறுத்தி வைத்தார்கள். ஏதோ சூது நடந்துவிட்டது என்று கேரி நினைத்தார்.

சூது நடந்ததா? அதைத் தெரிந்துகொள்ளும் முன், ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

நான்கு பேர் போட்டி

அரங்கில் மக்கள் கூடியிருப்பார்கள். திடீரென்று ஒருவர் பெயரைச் சொல்லி, "இறங்கி வாருங்கள்!" என்று குரல் கேட்கும். அவர் துள்ளிக் குதித்து ஓடி வருவார். இப்படி நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள்.

ஒரு பொருளைக் காட்டுவார்கள். நால்வரும் ஆளுக்கு ஒரு விலை சொல்ல வேண்டும். உண்மையான விலைக்கு யார் நெருங்கி வருகிறாரோ அவர் மேடை ஏறுவார்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சொன்ன விலை, உண்மை விலையைத் தாண்டக் கூடாது!

பொருளின் விலை 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 700 என்கிறார். இன்னொருவர் 901 என்கிறார். வெற்றி யாருக்கு? 700 சொன்னவருக்குத்தான்! 901 சொன்னவருக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு டாலர் ஆசை அவரைக் கவிழ்த்துவிட்டது.

கடைசியாக விலை சொல்பவருக்கு ஒரு தந்திரம் உண்டு. மற்ற மூவரும் அதிகமாகச் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றினால், அவர் "ஒரு டாலர்" என்பார். மூவரும் குறைவாகச் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றினால், மூவரில் அதிகம் சொன்னவரை விட ஒரு டாலர் கூட்டிச் சொல்வார்.

இந்த ஆட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் கூட ஆராய்ந்திருக்கிறார்கள்! 1996-ல் மூன்று அறிஞர்கள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கடைசி ஆள் பல முறை இந்தத் தந்திரத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். பதற்றத்தில் புத்தி வேலை செய்வதில்லை!

பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம்

மேடை ஏறியவருக்குப் பல விதமான ஆட்டங்கள் வைப்பார்கள். அவற்றில் பெயர் பெற்றது "பிளிங்கோ". 1983-ல் வந்தது.

உயரமான பலகை. அதில் நெருக்கமாக முளைகள். மேலே இருந்து ஒரு வட்டமான சில்லைப் போட வேண்டும். அது முளைகளில் முட்டி, அங்கும் இங்கும் தாவி, கீழே உள்ள ஓர் அறையில் விழும். அந்த அறையில் எழுதியிருக்கும் பணம் கிடைக்கும்.

நடு அறையில்தான் பெரிய தொகை. தொடக்கத்தில் அது 5,000 டாலர். பிறகு 10,000 ஆயிற்று. அதற்கு இரண்டு பக்கத்திலும் உள்ள அறைகளில் என்ன எழுதியிருக்கும்? பூஜ்யம்! மயிரிழை தப்பினால் கையில் ஒன்றும் இல்லை.

முதல் சில்லு இலவசம். மற்றவற்றைச் சிறு சாமான்களின் விலையைச் சரியாக ஊகித்துச் சம்பாதிக்க வேண்டும். அதிர்ஷ்டத்தை நம்பி ஆடும் ஆட்டத்துக்கும் முதலில் விலை தெரிந்திருக்க வேண்டும்!

பொய்யும் சட்டமும்

இந்த நிகழ்ச்சி 1956-ல் பிறந்தது. அப்போது நடத்தியவர் பில் கல்லன். ராட்டினம், தீவு என்று விசித்திரமான பரிசுகள் கூடக் கொடுத்தார்கள்!

அதே காலத்தில் அமெரிக்க டெலிவிஷனில் பெரிய ஊழல் வெடித்தது. "ட்வென்டி ஒன்" என்ற கேள்வி-பதில் போட்டியில் சார்லஸ் வான் டோரன் என்ற பேராசிரியர் வெற்றி மேல் வெற்றி பெற்றார். நாடே அவரைக் கொண்டாடியது. பதில்களை முன்கூட்டியே தமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று 1959-ல் அவரே ஒப்புக்கொண்டார்!

மக்கள் கொதித்தார்கள். 1960-ல் சட்டம் வந்தது. இத்தகைய போட்டிகளில் சூது செய்வது குற்றம் ஆயிற்று.

கல்லன் நடத்திய நிகழ்ச்சி 1965-ல் நின்றது. 1972-ல் புது உருவத்தில் மீண்டும் வந்தது. அதை நடத்தியவர் பாப் பார்க்கர். 2007-ல் ஓய்வு பெறும் வரை, 35 ஆண்டுகள் அவரே நடத்தினார்! "நாய், பூனைகளுக்குக் கருத்தடை செய்யுங்கள்" என்று சொல்லித்தான் நிகழ்ச்சியை முடிப்பார். 2023-ல், தமது 99-ம் வயதில் காலமானார். அவருக்குப் பின் வந்தவர்தான் டுரூ கேரி.

வந்த புதிதிலேயே அந்த 23,743! சட்டம் இருக்கிறது. சந்தேகமும் இருக்கிறது. கேரி கலங்கியதில் வியப்பு என்ன?

ரகசியம் இதுதான்!

உண்மையில் நடந்தது என்ன? அந்த மனிதரும் அவருடைய மனைவியும் வீட்டில் உட்கார்ந்து நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரே பொருள்கள் திரும்பத் திரும்ப வந்தன. விலையும் மாறவில்லை! இருவரும் விலைகளை மனப்பாடம் செய்தார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. அன்று அரங்கில் இன்னொரு ரசிகரும் இருந்தார். அவரும் விலைகளைப் பாடம் செய்தவர். கீழே இருந்து விலையைக் கூவினார். அப்படிக் கூவுவது அங்கே குற்றம் அல்ல; எல்லோரும் கூவுவார்கள். அந்த விலை யாருடையது என்பதில் இருவரும் வேறு வேறு கதை சொல்கிறார்கள்.

சூது எதுவும் நடக்கவில்லை. பரிசுகள் அந்த மனிதருக்கே கிடைத்தன. எதிராளிக்கு வைத்திருந்த பரிசுகளும் அவருக்கே! 250 டாலருக்குள் நெருங்கிச் சொன்னால் இரண்டும் அவருக்கு என்பது விதி.

அதன் பிறகு நிகழ்ச்சிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். பொருள்களை மாற்றி மாற்றி வைத்தார்கள்.

பரிசுக்கும் வரி

கார் கிடைத்தால் கவலை தீர்ந்ததா? இல்லை! அமெரிக்காவில் பரிசும் வருமானம்தான். காரின் மதிப்பை வருமானத்தில் சேர்த்து வரி கட்ட வேண்டும். கார் கிடைத்தவர் வரிக்குப் பணம் தேட வேண்டும்! முடியாதவர் "பரிசு வேண்டாம்" என்று விட்டுவிடலாம்.

இந்த ஆட்டத்துக்குப் பெரிய படிப்பு வேண்டாம். பட்டம் வேண்டாம். கடைக்குப் போய், விலை கேட்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் போதும். குடும்பம் நடத்தும் பெண்கள் தினமும் செய்யும் வேலை அது! அதை யாரும் அறிவு என்று சொல்வதில்லை. ஆனால் அந்த அறிவுதான் அங்கே காரையும் பணத்தையும் வாங்கித் தருகிறது.

சரி, உங்கள் வீட்டில் இன்று ஒரு போட்டி வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ துவரம் பருப்பு என்ன விலை? குடும்பத் தலைவர் முதலில் சொல்லட்டும்!