மூத்த குடிமக்களும் இரயில் கட்டணமும்

அந்தமானில் இரயில் பாதை இல்லை. எனினும், மரைன் ஹில் பகுதி முதியோர் சிகிச்சைக்காகக் கப்பலில் சென்னை வந்திறங்கியபின், மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல இரயிலையே நாடுகின்றனர். முன்னர், 60 வயது நிறைந்த ஆண்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 விழுக்காடும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் சலுகை கிடைத்தது. தனி அட்டை தேவைப்படவில்லை. வயதுச் சான்றே போதும். ரூ. 500 அடிப்படைக் கட்டணத்திற்கு ஆண்கள் ரூ. 300, பெண்கள் ரூ. 250 செலுத்தினர். கொரோனாப் பரவலின்போது, 2020 மார்ச் 20 முதல் இச்சலுகை நிறுத்தப்பட்டது. ஆனால், புற்றுநோய் முதலிய 11 வகை நோயாளிகளுக்கான சலுகைகள் நீடித்தன. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை. ஆகவே, முதியவர் தம் வயதை மட்டுமே நம்பியிராமல், உரிய மருத்துவமனைச் சான்றினைப் புறப்படுமுன் பெற்றுக்கொள்வது இன்றியமையாததாகும்.