முறுக்குப் பொட்டலத்துக்கும் ஓர் அடையாள எண்

ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே கடைகளில் முறுக்கும் வறுத்த கடலையும் வாங்கியிருப்பீர்கள். விரலை நீட்டி "அது ஒரு பொட்டலம்" என்றால் போதும், கைக்கு வந்துவிடும். அதே முறுக்கை வீட்டில் சுட்டு இணையச் சந்தையில் விற்க முயன்றால், பெயர், படம், விலை ஆகியவற்றுடன் இன்னொரு கட்டமும் உங்களைக் கேட்கும்: ஜிடின். அதில் என்ன எழுதுவது?

ஜிடின் என்பது உலக வணிகப் பொருள் எண். பேரங்காடிப் பொருள்களில் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே இருக்கும் 13 இலக்கங்கள்தான் அது. கோடுகள் இயந்திரத்துக்கு, இலக்கங்கள் நமக்கு. இரண்டும் சொல்வது ஒன்றே. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தை ஸ்கேன் செய்தபோது இந்த முறை கடைக்கு வந்தது.

இந்த எண்ணில் விலை இல்லை. 955 என்று தொடங்கினால் "மலேசியாவில் செய்தது" என்றும் பொருளில்லை; எண்ணை வழங்கியது மலேசிய அமைப்பு என்பதே பொருள். இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479. அடுத்து வருவன நிறுவனத்தையும் பொருளையும் குறிக்கும். கடைசி இலக்கம் காவல்காரன்.

அந்தக் காவலை நீங்களே சோதிக்கலாம். 955000000012 என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 15. இரட்டைப்படை இடங்களின் கூட்டல் 7; அதை மூன்றால் பெருக்கினால் 21. மொத்தம் 36. அடுத்த பத்தின் மடங்கான 40-ஐ எட்ட 4 தேவை. ஆகவே முழு எண் 9550000000124. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கணக்கு உதைக்கும். கடைசியில் உள்ள 1, 2 இடம் மாறினாலும் பிடிபடும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள 5-ம் 0-வும் இடம் மாறினால் பிடிபடாது. வித்தியாசம் சரியாக ஐந்தாக இருந்தால் காவல்காரன் ஏமாந்துவிடுவான். எனவே எண்ணைத் தட்டியபின் ஒருமுறை கண்ணாலும் பாருங்கள்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. முன்பு ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் தரம் பிரிப்பார்கள். 1965-இல் எஸ்எம்ஆர் எனும் மலேசியத் தர முறை வந்தது. எஸ்எம்ஆர் 5, 20 என்ற எண்கள் ரப்பரில் உள்ள அழுக்கின் அளவை ஒட்டி வைக்கப்பட்டவை. கடல் கடந்து வாங்குபவர் ஷீட்டைப் பார்க்காமலே விலை பேச முடிந்தது. ஒரு வேறுபாடு உண்டு: எஸ்எம்ஆர் தரத்தைச் சொல்லும். ஜிடின் "இது எந்தப் பொருள்" என்பதை மட்டுமே சொல்லும். முறுக்கு மொறுமொறுப்பா என்று சொல்லாது.

இங்கேதான் சிறு வணிகர் சறுக்குகிறார்கள். இணையத்தில் சிலர் எண்களை மலிவாக விற்பார்கள். அவை பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவானவை. அமேசான் போன்ற சந்தைகள் எண்ணை ஜிஎஸ்1 பதிவேட்டுடன் ஒப்பிடுகின்றன; பெயர் பொருந்தாவிட்டால் பொருள் பக்கத்திலிருந்து நீக்கப்படலாம். தீபாவளிக்கு மாவு பிசைந்து வைத்தபின் அப்படி நடந்தால் யாருக்கு நட்டம்? இன்னொருவர் முறுக்கின் எண்ணை நகலெடுப்பதும் ஆபத்து. எண் ஒன்றென்றால் சந்தைக்குப் பொருளும் ஒன்றே. உங்கள் சரக்கு அவர் பக்கத்தில் போய்ச் சேரும்.

எனவே மூன்றை நினைவில் வையுங்கள். எண்ணை ஜிஎஸ்1 மலேசியாவிடம் உங்கள் வணிகப் பெயரிலேயே பெறுங்கள். 100 கிராமுக்கு ஓர் எண், 250 கிராமுக்கு வேறு எண். கார முறுக்குக்கு இன்னொன்று. விலை மாறினால் எண் மாறாது, எடை மாறினால் மாறும். கைத்தொழில் பொருள்களுக்குச் சில சந்தைகள் விலக்கு தருகின்றன. எண்ணே இல்லையென்றால் பொய் எண் எழுதாமல் அந்த விலக்கைக் கேளுங்கள்.

புந்தோங்கில் விரல் நீட்டினால் போதும். விரல் எட்டாத ஊரில் இருப்பவருக்கு உங்கள் முறுக்கைச் சுட்டிக்காட்டும் விரல், அந்த 13 இலக்கங்கள்தான்.